கல்லூரி மாணவரின் உணவு, உறக்கம், உடற்பயிற்சி: இவற்றைத் தீர்மானிப்பது எது?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்டப் பொறியியல் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியராகவும், அதன் ஆண்கள் விடுதியில் துணைக் காப்பாளராகவும் பணியாற்றி வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் காணும் ஒரு மாற்றத்தைப் பற்றி உங்களுடன் விரிவாகப் பேச விரும்பி இந்த இழையைத் தொடங்குகிறேன்.

முதலாமாண்டில் வந்து சேரும் மாணவர்களில் பெரும்பாலோர் வீட்டில் மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு, இரவு பத்து பதினொரு மணிக்குள் உறங்கிப் பழகியவர்கள். இரண்டாம் பருவம் முடிவதற்குள் அவர்களில் பலர் காலை உணவை விட்டுவிடுகிறார்கள், நள்ளிரவு தாண்டித்தான் படுக்கிறார்கள், மைதானத்தின் பக்கம் போவதே இல்லை. இதற்கு அறியாமைதான் காரணம் என்று எண்ணி நாங்கள் ஆண்டுதோறும் விழிப்புணர்வுக் கருத்தரங்கு, பேரணி, வினாடிவினா என்று நடத்துகிறோம். ஆனால் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு தேவை என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதையும், இந்த வயதுக்கு ஏழு முதல் ஒன்பது மணி நேரம் உறக்கம் வேண்டும் என்பதையும் வினாடிவினாவில் தவறாமல் சொல்லிப் பரிசு வாங்கும் மாணவரே மறுநாள் காலை எட்டு நாற்பதுக்குப் பல் துலக்கிய கையோடு வகுப்புக்கு ஓடுகிறார். அறிவு அவரிடம் குறையவில்லை. குறைவது வேறு ஏதோ ஒன்று.

அது நேரம் என்பது என் கருத்து. எங்கள் விடுதியின் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலை 7.15 முதல் 8.15 வரை சிற்றுண்டி, 8.45க்கு வகுப்பு, மாலை 4.30க்கு வகுப்பு முடிவு, அதன்பின் வேலைவாய்ப்புப் பயிற்சி ஆறு மணி வரை, இரவு 7.30 முதல் 9.30 வரை கட்டாயப் படிப்பு நேரம், இடையில் இரவு உணவு. ஒரு மாணவர் தன் விருப்பப்படி செலவிடக்கூடிய முதல் மணி நேரம் இரவு ஒன்பதரைக்குப் பிறகுதான் அவருக்குக் கிடைக்கிறது. நண்பர்களுடன் பேசுவது, வீட்டுக்குப் பேசுவது, துணி துவைப்பது, படம் பார்ப்பது, பதிவேடு எழுதுவது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அவர் ஒன்றரை மணிக்குப் படுப்பதில் வியப்பு என்ன இருக்கிறது?

இதோடு உடலியலும் சேர்ந்துகொள்கிறது. பதின்ம வயதில் உறக்க நேரம் படிப்படியாகப் பின்னால் தள்ளிப்போய், இருபது வயதை ஒட்டி உச்சத்தைத் தொட்டு, அதன்பிறகே மீண்டும் முன்னால் வரத் தொடங்குகிறது என்பதை ஜெர்மானிய ஆய்வாளர் டில் ரோனபெர்க்கும் அவருடைய குழுவினரும் 2004இல் காட்டினார்கள். அதாவது, வாழ்நாளிலேயே மிகத் தாமதமாக உறக்கம் வரும் வயதில் இருப்பவர்களை நாம் மிக விரைவாக எழச் சொல்கிறோம். தாமதமாகப் படுப்பவர் சிற்றுண்டியை இழக்கிறார். பத்தே முக்கால் இடைவேளையில் தேநீரும் பஃப்ஸும் அவருடைய முதல் உணவாகின்றன. மதியம் அளவுக்கு மீறிச் சோறு உண்டு வகுப்பில் கண்ணயர்கிறார். அந்தத் தூக்கத்தை விரட்ட மாலையில் காப்பி குடிக்கிறார். உடலில் சென்ற காஃபின் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆவதால் இரவு உறக்கம் இன்னும் தள்ளிப்போகிறது.

வேறு கல்லூரிகளில், வேறு சூழல்களில் நீங்கள் கண்டது என்ன? மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர் எல்லோரும் எழுதினால் நன்றாக இருக்கும்.


முத்துநகர் எழுதியது:

வணக்கம் சார். நான் மூன்றாமாண்டு மாணவன். சென்ற ஆண்டு எங்கள் விடுதியில் மெஸ் ரெப்பாக (உணவுக்கூட மாணவப் பிரதிநிதியாக) இருந்தேன். நேரத்தைப் பற்றி நீங்கள் எழுதியது முழுக்க உண்மை. ஆனால் நேரம் கிடைத்து மெஸ்ஸுக்குள் வந்தவனுக்கும் அங்கே என்ன கிடைக்கிறது என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பணக்கணக்கு.

விடுதி மெஸ்களில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று டிவைடிங் முறை: மாதச் செலவைக் கூட்டி, உண்டவர்கள் நாள் கணக்கில் பகிர்ந்துகொள்வது. அரசுக் கல்லூரி விடுதிகள் பலவற்றில் இதுதான் வழக்கம். அங்கே எண்ணெய், காய்கறி, மளிகை விலை எல்லாம் மாணவப் பிரதிநிதிகளின் கண்ணுக்குத் தெரியும். எதைக் குறைத்து எதைக் கூட்டலாம் என்று பேச இடம் உண்டு. மற்றொன்று ஒப்பந்த முறை: ஒரு தலைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ஒப்பந்ததாரரிடம் விட்டுவிடுவது. இந்த முறையில் மாணவன் உண்டாலும் உண்ணாவிட்டாலும் பணம் போய்விடுகிறது. காலைச் சிற்றுண்டிக்கு முந்நூறு பேரில் நூற்றைம்பது பேர் வரவில்லையென்றால் அது ஒப்பந்ததாரருக்கு மிச்சம். எனவே மாணவர்களைச் சிற்றுண்டிக்கு வரவழைக்க வேண்டும் என்ற அக்கறை அந்த அமைப்பில் யாருக்கும் இருக்கக் காரணமே இல்லை. இதை யாருடைய கெட்ட எண்ணமாகவும் நான் சொல்லவில்லை. ஒப்பந்தம் எழுதப்பட்ட விதமே அப்படி.

காய்கறி ஏன் கரண்டியின் நுனியில் வருகிறது என்று எல்லோரும் கேட்பார்கள். விலை ஒரு காரணம். ஆள் கூலி இன்னொரு காரணம். முந்நூறு பேருக்குக் கீரை ஆய்வதற்கும் அவரைக்காய் நறுக்குவதற்கும் எத்தனை பேர், எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும் என்று சமையல் மாஸ்டரிடம் ஒருநாள் கேட்டுப் பாருங்கள். உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் வாரத்தில் நான்கு நாள் வருவதன் காரணம் அப்போது புரியும்.

மாணவர்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். மெனு கமிட்டி கூடும்போது உரக்கக் கேட்பவர்கள் பரோட்டா, ஃபிரைடு ரைஸ், சில்லி கோபி ஆகியவற்றைத்தான் கேட்பார்கள். கேழ்வரகுக் கூழோ சுண்டலோ வேண்டும் என்று நினைப்பவன் அந்தக் கூட்டத்தில் வாயைத் திறக்க மாட்டான். ஆனால் எங்கள் விடுதியில் ஒரு பருவம் மட்டும், வகுப்பு முடிந்து வரும் 4.45 மணிக்கு மெஸ் வாசலிலேயே ஒரு பெரிய அண்டாவில் சுண்டலை வைத்தோம். அதற்கு முன் பிஸ்கட்டும் தேநீரும் ஐந்தரைக்குக் கொடுப்பார்கள். அதற்குள் எல்லோரும் வெளியே கடைக்குப் போய் பஜ்ஜி தின்றுவிட்டிருப்பார்கள். பசிக்கும் நேரத்தில், நடந்து வரும் வழியில் இருந்ததால் சுண்டல் ஒருநாளும் மிஞ்சவில்லை. அதைப் பற்றி யாரும் யாருக்கும் வகுப்பெடுக்கவில்லை.


பாலாறு எழுதியது:

விடுதியைப் பற்றியே பேசுகிறீர்கள். தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்களில் மிகப் பலர் வீட்டிலிருந்து வந்து போகிறவர்கள் என்பதை நினைவூட்டவே எழுதுகிறேன்.

நான் இறுதியாண்டு மாணவி. எங்கள் கல்லூரிப் பேருந்து எங்கள் நிறுத்தத்துக்குக் காலை 6.10க்கு வருகிறது. அம்மா நாலரைக்கு எழுந்து சமைக்கிறார். ஐந்தரைக்கு மூடிய மதிய உணவுப் பெட்டியைப் பன்னிரண்டரைக்குத் திறக்கிறேன். காலை உணவை அந்த நேரத்தில் உண்ண மனம் ஒப்பாது. பேருந்தில் உண்டால் குமட்டும். கல்லூரிக்குள் நுழையும்போது மணி எட்டேகால், முதல் மணியோ எட்டரைக்கு. மாலை வீடு திரும்ப ஆறரை, மழைக்காலமென்றால் ஏழரை. இப்படி நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் உட்கார்ந்தே பயணம் செய்பவரிடம் வாரத்துக்கு 150 நிமிடம் நடக்கச் சொல்வதில் பொருள் இருக்கிறதா?

இன்னொன்றும் உண்டு, ஆண்கள் கூடியிருக்கும் இடத்தில் யாரும் இதைப் பேசுவதில்லை. மாணவியர் பலர் பகல் முழுவதும் தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கிறார்கள். கழிப்பறையில் தண்ணீர் வராது, தாழ்ப்பாள் இருக்காது, மாதவிடாய் நாள்களில் நாப்கினைப் போட வாளி இருக்காது. வீடு திரும்பும்வரை அடக்கிக்கொள்ள வேண்டும் என்பதால் காலையிலிருந்தே நீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். தலைவலி, சிறுநீர்த்தொற்று, மலச்சிக்கல் என்று எங்கள் வகுப்பில் மாத்திரை விழுங்காதவர் குறைவு. ‘நாளொன்றுக்கு எட்டுக் குவளை நீர் அருந்துவீர்’ என்ற சுவரொட்டி எங்கள் துறை நடைக்கூடத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதற்கு நேர் எதிரே இருக்கும் கழிப்பறை பெரும்பாலும் பூட்டியே கிடக்கும். உடல்நலப் பழக்கம் எதனால் அமைகிறது என்று கேட்டால், எங்களைப் பொறுத்தவரை முதல் விடை கழிப்பறைதான்.


கொங்குநாடன் எழுதியது:

இரண்டு கல்லூரிப் பிள்ளைகளின் தந்தை என்ற முறையில் ஒரு மாற்றுக் கருத்து. கழிப்பறை பற்றித் தங்கை எழுதியது கல்லூரி உடனே சரிசெய்ய வேண்டிய ஒன்று. அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. ஆனால் மற்றவற்றில் எல்லாப் பொறுப்பையும் நிறுவனத்தின் தலையில் வைப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. ஒரே கால அட்டவணை, ஒரே மெஸ், ஒரே விடுதி. அதே விடுதியில் காலை ஐந்தரைக்கு எழுந்து ஓடுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள் அல்லவா? அவர்களுக்கு மட்டும் நாளில் இருபத்தைந்து மணி நேரமா இருக்கிறது? வீட்டில் வளர்த்த முறையும் சொந்த மன உறுதியும்தான் அடிப்படை என்பது என் எண்ணம். சிறு வயதில் காய்கறி உண்ணப் பழகாத பிள்ளைக்குத் தட்டு நிறையப் பொரியல் வைத்தாலும் ஒதுக்கித்தான் வைக்கும். பத்தொன்பது வயதுப் பிள்ளை தன் உறக்கத்துக்குத் தானே பொறுப்பேற்க வேண்டாமா?


களத்துமேடு எழுதியது:

ஐயா கொங்குநாடன் எழுப்பிய கேள்வி மிகச் சரியான கேள்வி. கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் உடற்கல்வி இயக்குநராக இருப்பதால் அதற்கு என்னால் நேரடியாக விடை சொல்ல முடியும். அந்த ஐந்தரை மணி மாணவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கல்லூரி அணி ஆட்டக்காரர்கள், என்.சி.சி. மாணவர்கள், அல்லது காவலர் தேர்வுக்கும் இராணுவத் தேர்வுக்கும் ஆயத்தமாகிறவர்கள். அவர்கள் தனியே எழுவதில்லை. பக்கத்து அறை நண்பன் கதவைத் தட்டுகிறான். களத்தில் ஒருவர் காத்திருக்கிறார். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இருக்கிறது. அணிவகுப்பு முடிந்தால் சிற்றுண்டியும் உண்டு. மன உறுதி அவர்களுக்கு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு கூட்டமும் இருக்கிறது. அந்தக் கூட்டத்திலிருந்து விலகிய மாணவன் அடுத்த மாதமே எட்டு மணி வரை உறங்குவதையும் நான் பார்த்திருக்கிறேன். அவன் வளர்ந்த வீடு அதற்குள் மாறிவிடவில்லையே!

நட்பின் செல்வாக்கு பற்றிக் குறிப்பிடத்தக்க ஆய்வு ஒன்று இருக்கிறது. அமெரிக்க விமானப்படைக் கல்விக்கழகத்தில் புதிய மாணவர்களை அவர்களுடைய விருப்பம் கேளாமல் ஏறத்தாழ முப்பது பேர் கொண்ட குழுக்களாகப் பிரிப்பார்கள். ஆகவே யார் யாரோடு பழகுவது என்பது தற்செயலாக அமைகிறது. 2011இல் வெளியான கேரல், ஹோக்ஸ்ட்ரா, வெஸ்ட் ஆகியோரின் ஆய்வு, ஒரு மாணவரின் உடல்தகுதி அவருடன் இருப்பவர்களின் முந்தைய உடல்தகுதியால் பாதிக்கப்படுகிறது என்றும், அதிலும் மிகக் குறைந்த தகுதியுடைய நண்பர்களின் தாக்கமே வலுவானது என்றும் கண்டது. கட்டாய உடற்பயிற்சி உள்ள இராணுவ நிறுவனத்திலேயே இப்படியென்றால், நம் விடுதி அறைகளில் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நால்வர் தங்கும் அறையில் மூவர் இரண்டு மணி வரை விளக்கை எரியவிட்டு விளையாடினால் நான்காமவரின் மன உறுதி எத்தனை நாள் நிற்கும்?

இனி, வருத்தத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் கல்லூரிகளில் மைதானம் அணி வீரர்களுக்குத்தான். சும்மா பந்தைத் தட்டி விளையாட விரும்பும் சாதாரண மாணவன் வந்தால், பயிற்சி நடக்கிறது என்று வெளியே அனுப்புகிறோம். கால அட்டவணையில் உடற்கல்விக்கு என்று அச்சிடப்படும் மணி, உள்தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோகும் மணி. பல்கலைக்கழக மானியக் குழு உயர்கல்வி நிறுவனங்களில் மாணவர்களின் உடல்தகுதி, விளையாட்டு, மனநலம் ஆகியவற்றை வளர்ப்பதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை 2023 ஏப்ரலில் வெளியிட்டது. அதற்கும் முன்பு, 2016இலும் 2018இலும், வளாகங்களில் நொறுக்குத்தீனி விற்பனையைத் தடைசெய்யுமாறு சுற்றறிக்கை அனுப்பியது. சுற்றறிக்கை வந்த நாள்களில் சிற்றுண்டிச்சாலையில் ஒரு பலகை மாட்டப்படும். அதே சமோசா அதன் கீழே விற்கப்படும்.

மாணவியர் நிலை இன்னும் கடினமானது. பெண்கள் விடுதிகளில் ஆறு, ஆறரைக்குள் உள்ளே வந்துவிட வேண்டும் என்ற விதி பல இடங்களில் உண்டு. ஏப்ரல் மாதத்தில் ஆறு மணிக்கு முன் வெயில் தணிவதே இல்லை. ஓடக்கூடிய பொழுது வரும்போது வாயிற்கதவு சாத்தப்படுகிறது. பாதுகாப்பின் பெயரால் மாணவியரின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தக் கூடாது என்று மானியக் குழுவின் ‘சக்ஷம்’ அறிக்கை 2013லேயே கூறிவிட்டது. விளக்கு வெளிச்சமுள்ள உள்வளாகப் பாதையில் எட்டு மணி வரை நடக்க அனுமதித்தால் என்ன கெட்டுவிடும் என்று நான் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுவருகிறேன்.


முருங்கைப்பூ எழுதியது:

உணவியல் ஆலோசகராகப் பணியாற்றுகிறேன். கல்லூரி மாணவியர் பலரைச் சந்திக்கிறேன். முத்துநகர் தம்பி மெஸ்ஸைப் பற்றி எழுதியதோடு சிலவற்றைச் சேர்க்கிறேன்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், நாளொன்றுக்கு 2,000 கிலோகலோரி தேவைப்படுபவருக்கு ஏறத்தாழ 250 கிராம் தானியம், 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம், 85 கிராம் பருப்பு அல்லது முட்டை, இறைச்சி வகை, 300 மில்லிலிட்டர் பால் என்று ஒரு தட்டைப் பரிந்துரைக்கிறது. நம் விடுதித் தட்டு இதற்கு நேர்மாறாக இருக்கிறது: சோறு குவியலாக, காய் கரண்டியளவு, பருப்பு சாம்பாரில் கரைந்த அளவு. இந்தியரின் உணவாற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பெரும் நீரிழிவு ஆய்வு காட்டியிருக்கிறது. விடுதித் தட்டைப் பார்த்தால் அந்த விழுக்காடு இன்னும் கூடுதலாக இருக்கும் என்றே தோன்றுகிறது.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள் என்றும், அதே வயதினரில் 40 விழுக்காட்டினர் கூடுதல் எடை உள்ளவர்கள் என்றும் 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. இவ்விரண்டும் ஒரே பெண்ணிடம் ஒருசேர இருக்க முடியும். என்னிடம் வரும் மாணவியரிடம் அடிக்கடி இருக்கிறது. வயிறு நிறைகிறது, இரும்புச்சத்து சேரவில்லை. சிற்றுண்டியோடு சேர்த்தே தேநீர் குடிக்கும் வழக்கம் இருக்கிற இரும்புச்சத்தையும் உடல் ஏற்கவிடாமல் தடுக்கிறது. தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிவைத்து, உணவோடு ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் பயன் உண்டு. இதற்குக் கூடுதல் செலவு மிகக் குறைவு.

ஐயா கொங்குநாடன் சொன்ன வீட்டு வளர்ப்பை நான் ஒதுக்கவில்லை. வீட்டில் பெண்பிள்ளை கடைசியில் உண்ணும் வழக்கமும் வளர்ப்பில் அடக்கம்தான். பாத்திரத்தின் அடியில் மிஞ்சியதை உண்டு பழகியவள் விடுதியிலும் தனக்கு இன்னும் ஒரு முட்டை வேண்டும் என்று கேட்க மாட்டாள்.

உடல் தோற்றத்தைப் பற்றிய கவலையும் இந்த வயதில் பழக்கங்களை வலுவாக ஆட்டிவைக்கிறது. மாணவியர் இரவுணவை விட்டுவிட்டு அதை ‘டயட்’ என்கிறார்கள். மாணவர்கள் உடற்பயிற்சிக்கூடத்தில் சேர்ந்த முதல் மாதத்திலேயே பயிற்சியாளர் சொன்ன புரதப்பொடி டப்பாவை வாங்குகிறார்கள். அந்த ஒரு டப்பாவின் விலையில் ஒரு மாணவர் பல மாதங்களுக்கு நாள்தோறும் இரண்டு முட்டையும் ஒரு கைப்பிடி நிலக்கடலையும் உண்ணலாம். தோற்றத்துக்காகத் தொடங்கும் பழக்கத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கண்ணாடியில் மாற்றம் தெரியாத மூன்றாம் மாதத்தில் அது நின்றுபோவதைத்தான் அதிகம் காண்கிறேன்.


செங்காடு எழுதியது:

இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் அக்கறையோடு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் பணத்தைப் பற்றி இன்னும் வெளிப்படையாகப் பேச வேண்டும். நான் அரசு நலவிடுதியில் தங்கிப் படிக்கும் முதுகலை மாணவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள்.

இப்போது சமூகநீதி விடுதிகள் என்று அழைக்கப்படும் இவ்விடுதிகளில் கல்லூரி மாணவருக்கான மாத உணவுப்படி 2023இல்தான் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒரு நாளைக்கு ஐம்பது ரூபாய், மூன்று வேளைக்கும் சேர்த்து. உயர்த்தியதற்கு நன்றி உண்டு. ஆனால் அம்மா முருங்கைப்பூ காட்டிய அந்தத் தட்டை, 400 கிராம் காய்கறியும் பழமும் பாலும் முட்டையும் கொண்ட தட்டை, இந்த ஐம்பது ரூபாய்க்குள் எந்தச் சமையலரால் கொண்டுவர முடியும்?

அதனால் எங்களில் பலர் வார இறுதியில் கேட்டரிங் வேலைக்குப் போகிறோம். முகூர்த்த நாள் என்றால் முந்தைய மாலை கிளம்பி, இரவு வரவேற்பு விருந்து பரிமாறி, இரண்டு மணிக்குப் பாத்திரங்களை ஏற்றிவிட்டு, மண்டபத்துத் தரையிலேயே சற்று நேரம் படுத்து, நான்கு மணிக்குக் காலைச் சிற்றுண்டிக்கு எழ வேண்டும். கூலியோடு நல்ல சாப்பாடும் கிடைக்கிறது. வாரத்தில் வயிறார உண்ணும் நாளும் எங்களுக்கு அதுதான். ஆனால் திங்கள்கிழமை வகுப்பில் நாங்கள் உறங்கினால் இரவெல்லாம் கைப்பேசி பார்த்தான் என்று ஆசிரியர் எழுப்புவார். உறக்கம் ஒரு பழக்கம் என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். எங்களுக்கு அது விற்கக் கூடிய ஒரே பொருள்.

புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் வருவது இளங்கலைத் தம்பி தங்கைகளுக்குப் பெரிய துணை. அந்தப் பணம் பேருந்துக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் கைப்பேசி ரீசார்ஜுக்கும் போய், பாதி வீட்டுக்கும் போகிறது. பழம் வாங்க மிஞ்சுவதில்லை. பத்தாம் வகுப்பு வரை மதிய உணவு கொடுத்து எங்களை வளர்த்து, இப்போது தொடக்கப் பள்ளியில் காலை உணவும் கொடுக்கும் அரசு, கல்லூரியிலும் ஒரு வேளை உணவு கொடுக்கலாம் என்று கேட்பதை நான் பெரிய கோரிக்கையாக நினைக்கவில்லை. அரசுக் கலைக் கல்லூரிகளில் வெறும் வயிற்றோடு முதல் சுழற்சி (ஷிப்ட்) வகுப்புக்கு வருகிறவர்கள் எத்தனை பேர் என்று எந்த ஆசிரியரும் ஒருநாள் கைதூக்கச் சொல்லிப் பார்க்கலாம்.


கொங்குநாடன் எழுதியது:

தம்பி செங்காடு எழுதியதைப் படித்து நெடுநேரம் மனம் கனத்தது. மதியமோ காலையோ ஒரு வேளை உணவு என்ற கோரிக்கையில் நானும் உங்களோடு நிற்கிறேன்.

இரண்டு செய்திகளை மட்டும் யாராவது எடுத்துப் பேச வேண்டும். ஒன்று கைப்பேசி. மற்றொன்று புகையிலை. கல்வி நிறுவனத்திலிருந்து நூறு கஜத் தொலைவுக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்பது 2003ஆம் ஆண்டுச் சட்டம். எந்தக் கல்லூரி வாசலிலும் தேநீர்க்கடையில் சிகரெட் கிடைக்கிறது. பிள்ளையின் மன உறுதியை நான் நம்புகிறேன். ஆனால் நாள்தோறும் நான்கு முறை அதைச் சோதித்துப் பார்க்கிற கடையைக் கல்லூரி வாசலில் வைத்திருப்பது யார் பொறுப்பு?


இரவுவிளக்கு எழுதியது:

நான் உளவியல் ஆய்வு மாணவி. ஐயா கேட்ட இரண்டையும் ஒன்றாகப் பார்க்கலாம். மாணவர்களிடம் பேசும்போது, சிகரெட்டும் நள்ளிரவுக் கைப்பேசியும் பெரும்பாலும் இன்பத்துக்காகத் தொடங்கி, பதற்றத்தைத் தணிக்கத் தொடர்வதாகவே தெரிகிறது. அரியர், வளாக நேர்காணல், கல்விக்கடன், வீட்டின் எதிர்பார்ப்பு என்று பகலெல்லாம் மனத்தில் சுமந்தவற்றை இறக்கி வைக்க அவர்களுக்குத் தெரிந்த எளிய வழி அதுதான். தேநீர்க்கடைக்கு முதலில் போவது புகைக்க அல்ல, சீனியர்களோடு நிற்க. கையில் ஒன்றை வாங்கிக்கொள்ளாமல் அங்கே நிற்பது முதலாமாண்டு மாணவனுக்குக் கூச்சமாக இருக்கிறது. பேசி உட்கார வளாகத்துக்குள்ளேயே மரத்தடியோ திண்ணையோ இருந்து, அங்கே கூடுவதை யாரும் சந்தேகக் கண்ணோடு பார்க்காத கல்லூரிகளில் அந்தக் கடையின் ஈர்ப்பு குறைகிறது என்பது என் கணிப்பு. மனச்சுமை தாங்க முடியாதவர்கள் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலிமானஸ் எண் 14416இல் தமிழிலேயே கட்டணமின்றிப் பேசலாம். இதைக் கழிப்பறைக் கதவுகளின் உட்புறத்தில் ஒட்டச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்ள முடியும்.

வைகைக்கரை சார் தொடங்கிய நேரக் கணக்குக்கும் ஒரு செய்தி சேர்க்கிறேன். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் தன்னியல்பான பழக்கமாவதற்கு இடைநிலையாக, அதாவது வரிசையின் நடுவில் இருப்பவருக்கு, 66 நாள்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள்கள் வரை வேறுபட்டது. இடையில் ஒருநாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் அதே சூழலில், அதே செயலை ஒட்டிச் செய்வதுதான் பழக்கத்தை ஊன்றுகிறது. நம் பருவமோ ஏறத்தாழ 90 வேலைநாள்கள். அதற்குள் உள்தேர்வுகள், பருவ இடையில் மாறும் கால அட்டவணை, பிறகு படிப்பு விடுமுறை, ஊருக்குப் போய் வருதல். ஒரு பழக்கம் வேர்விடும் நேரத்தில் அது நடந்த சூழலே கலைந்துவிடுகிறது. ஆகவே மாணவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ‘ஏன் விட்டுவிட்டாய்’ என்பதல்ல. ‘எந்த வாரத்தில் விட்டாய், அந்த வாரத்தில் என்ன மாறியது’ என்பதே.


வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. தங்கை பாலாறு எழுதிய இரவே எங்கள் கல்லூரியின் பெண் பேராசிரியர்கள் இருவரிடம் பேசினேன். மூன்று துறைகளின் மாணவியர் கழிப்பறைகளை அவர்கள் நேரில் பார்த்துப் பட்டியல் தருகிறார்கள். செங்காடு தம்பி எழுதியது என் கையில் இல்லாத ஒன்று. ஆனால் எங்கள் பேராசிரியர் சங்கக் கூட்டத்தில் கல்லூரிச் சிற்றுண்டித் திட்டத்தைத் தீர்மானமாக முன்வைக்க இருக்கிறேன்.

துணைக் காப்பாளரால் இந்தப் பருவத்திலேயே செய்யக்கூடியவற்றில் மூன்றைக் கல்லூரி முதல்வரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கட்டாயப் படிப்பு நேரத்தை 6.30க்கு முன்னே நகர்த்தி, இரவு 8.30க்குப் பிறகான பொழுதை மாணவரிடமே விட்டுவிடுவது. முதலாமாண்டு அறைகளை வருகைப் பதிவேட்டு வரிசையில் ஒதுக்காமல், சீக்கிரம் உறங்க விரும்புவோர், தாமதமாகப் படிப்போர் என்று சேரும்போதே கேட்டு ஒதுக்குவது. இது களத்துமேடு ஐயா எழுதியதிலிருந்து எடுத்தது. மாலைச் சுண்டலை 4.45க்கு மெஸ் வாசலில் வைப்பது. படிப்பு நேரத்தை நகர்த்தினால் இடையில் அரை மணி நேரமே மிஞ்சும் என்பதால், ஆறு மணிக்கு முடியும் வேலைவாய்ப்புப் பயிற்சியும் நகர வேண்டியிருக்கும். எதிர்ப்பு அங்கிருந்துதான் வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

முத்துநகர் தம்பியிடம் ஒரு கேள்வி. எங்களுடையதும் ஒப்பந்த மெஸ்தான். சிற்றுண்டிக்கு வராதவர்களால் ஒப்பந்ததாரருக்கு மிச்சம் என்ற நிலையை ஒப்பந்தத்துக்குள்ளேயே மாற்ற வழி உண்டா? வரும் ஜூனில் புதிய ஒப்பந்தப்புள்ளி கோருகிறோம்.


முத்துநகர் எழுதியது:

உண்டு சார். இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். முதலாவது, சிற்றுண்டிக்கு மட்டும் தலைக்கணக்கை விட்டுவிட்டு டோக்கன் கணக்கில் பணம் தருவது. அன்றைக்கு எத்தனை டோக்கன் விழுந்ததோ அத்தனைக்குத்தான் தொகை. அப்படிச் செய்தால் மாணவன் வருவதில் ஒப்பந்ததாரருக்கே அக்கறை பிறக்கும். விலையைச் சற்றுக் கூட்டிக் கேட்பார், கொடுக்கலாம். இரண்டாவது, 8.15க்குக் கதவை மூடியதும் மீதமுள்ள இட்லி, பொங்கல், அவித்த முட்டை ஆகியவற்றைப் பொட்டலமாகக் கட்டி 8.40 வரை வாசல் மேசையில் வைக்க வேண்டும், அந்தப் பொட்டலத்துக்கும் டோக்கன் செல்லும் என்று எழுத வேண்டும். முதல் மணி ஆசிரியர்கள் வகுப்பில் பத்து நிமிடம் உண்ண அனுமதிப்பார்களா என்பதை மட்டும் நீங்கள் முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள். எங்கள் பழைய ஒப்பந்தத்தின் நகல் ஒன்று என்னிடம் இருக்கிறது. எந்த வரியில் எதை மாற்ற வேண்டும் என்று குறித்துத் தனிமடலில் அனுப்புகிறேன்.